பூவும் பொட்டுமாக

முடக்குவாதம் வந்து இரண்டு வருஷத்தில் என் சாவு ஊர்ப் பேச்சாகிவிட்டது. காலையில் என் விரல்கள் மடங்காது, குழாயைத் திருக முடியாது. ஆனால் காது நன்றாகவே கேட்டது. இந்த வாதம் கடைசியில் இதயத்தைப் பிடிக்கும், ஆள் ரொம்ப நாள் தாங்காது என்று என் நாத்தனார் எங்கேயோ கேட்டுவந்து, ஆரம்பாக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு வளைகாப்பில் அவளே என் கன்னத்தை வழித்து, "குட்து வச்சவ நீ. பூவும் பொட்டுமா போய்ச் சேந்துடுவே" என்றாள். பக்கத்திலிருந்த பெண்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ச் சேர எனக்கென்ன அவசரம்? என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் ஆளாகும் வரையாவது நான் இருக்க வேண்டாமா?

அடுத்த வாரமே நாத்தனார் தன் ஓரகத்தியின் கல்யாணமாகாத தங்கையைக் கூட்டிவந்துவிட்டாள். "உனுக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கட்டும்" என்றாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை, பாவம். ஆனால் அவள் என் கணவருக்குச் சோறு போட்டபோது நாத்தனார் பார்த்த பார்வை இருக்கிறதே! கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்த மனிதர், தட்டைத் தவிர எதையும் பார்க்காமல் சாப்பிட்டார். எனக்குத்தான் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சென்னைக்கு ரயிலேறினேன். வீட்டில் இருந்த ஒரே செல்போன் அவர் சட்டைப் பையில். சீட் கிடைத்தும் உட்காராமல் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நான் எத்தினி வருசம் இருப்பேன் டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதயத்துக்கு ஆபத்து இருக்கிறது நெஜம்தாம்மா. அதுக்குத்தான் மாத்திரை. அத நீங்க நடுவுல நிறுத்திட்டீங்க. ஒழுங்கா சாப்ட்டா நெறைய பேரு நல்லா வயசாகித்தான் போறாங்க. வருஷம் சொல்ல நான் இன்னா ஜோசியக்காரனா?"

குடலை அரித்துவிடும் என்று நாத்தனார் சொன்னதைக் கேட்டுத்தான் மாத்திரையை நிறுத்தியிருந்தேன். திரும்பும் வழியெல்லாம் அந்த 'நெறைய பேரு' என்னைக் குடைந்தது. அதில் நான் உண்டா, இல்லையா?

வாசலிலேயே நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "சொல்லாம கொள்ளாம எங்க போய்க்கினு வர்ற? டாக்டராண்டயா? இன்னா சொன்னாரு?"

"எம்பது வயசு வரைக்கும் இருப்பேனாம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளேயிருந்து என் கணவர் குரல் மட்டும் வந்தது. "அக்கா, அந்தப் பொண்ண நாளைக்கே அவங்க ஊட்ல வுட்டுட்டு வந்துரு."

அப்படியானால் இவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மகள் ஓடிவந்து என் வீங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "எம்பதுதானாம்மா? நூறு கேட்டிருக்கலாம் இல்ல?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு மாத்திரையைத் தேடப் போனேன்.