நாலாவது பீப்

பொய்ப்பல் செய்யும் பட்டறையில் எல்லோரும் அவளைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, குட்டித் திருப்புளி ஒன்று கட்டாயம் இருக்கும். மெழுகில் பல்வரிசை நிறுத்துவது, அச்சு வார்ப்பது, மெருகு போடுவது, இதுதான் அவள் பிழைப்பு. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவளுக்கு வேறு உலகம். யாரும் சீண்டாத பழைய கையடக்கக் கணினிகளை வாங்கிச் சேர்ப்பாள். அவை மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி மடங்கும். விசைகள் பருப்பு பருப்பாக இருக்கும். அதற்கும் முந்தைய காலத்தில் பெரிய மேசைக் கணினிகளில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டங்களை இந்தக் குட்டிகளில் ஏற்றி ஓடவைப்பதுதான் அவள் பைத்தியம்.

"ஏத்தி அதுல என்ன பண்ணப் போற?" என்று கணவன் ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்லை. ஓடணும். அவ்வளவுதான்."

"அது சரி. நானும் நாள் முழுக்க ஓட்டிட்டுக் கிளம்பின இடத்துக்குத்தானே வர்றேன்" என்றான் அவன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு நாட்டில் இருந்தார்கள். எல்லோரும் இணையத்தில் ஒரு குழுவில் கூடிப் பேசுவார்கள். அதில் பெரிய கை, ஆமை என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்புளி புதிதாக வாங்கிய சாம்பல் நிறக் குட்டியின் படத்தைப் போட்டு, அதில் எந்த சிஸ்டத்தை ஏற்றப் போகிறாள் என்று எழுதியதுமே அவர் பதில் எழுதினார்: "வீண் வேலைம்மா. நான் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். இதுல அந்த சிஸ்டம் ஏறவே ஏறாது."

படித்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

சிஸ்டத்தை மடிக்கணினியில் திருத்துவாள், மெமரி கார்டில் எழுதுவாள், கார்டைக் குட்டியின் விலாவில் செருகிப் பொத்தானை அழுத்துவாள். திரை கறுப்பாகவே கிடக்கும். உள்ளே எதுவரை ஓடியது, எங்கே செத்தது என்று ஒன்றும் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் குட்டிக்குக் கத்தத் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டியதும் ஒரு பீப் போடும்படி எழுதிவிட்டாள்.

பீப். பீப். பீப். அவ்வளவுதான்.

எத்தனை முறை போட்டாலும் மூன்றுதான். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. "இன்னிக்கும் மூணு தானா?" என்று அங்கிருந்தே கேட்பான்.

கடைசியில், குட்டியின் நினைவகத்தில் ஒவ்வோர் இடமாக எதையாவது எழுதி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல் ஒன்றைப் போட்டாள். பாதி வரை எல்லாம் ஒழுங்கு. நடுவில் ஒரு துண்டு மட்டும் எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. அங்கே நினைவகமே இல்லை, வெறும் ஓட்டை! பழைய சிஸ்டமோ நினைவகம் ஒரே நீளமாக இருக்கும் என்று நம்பிப் போய், அந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒரே நீளமில்லை, ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு துண்டு என்று சிஸ்டத்துக்குப் புரியவைக்க மூன்று வாரம் மண்டையை உடைத்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலை. கார்டைச் செருகினாள். பீப். பீப். பீப்.

பீப்.

"நாலு!" சமையலறையிலிருந்துதான் முதல் சத்தம் வந்தது. கணவன் கரண்டியோடு ஓடி வந்தான். கறுப்புத் திரையில் வெளுப்பாக ஒரு வரி துடித்து எழுந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். ஆனால் அந்த வரியை வாசிக்க முடியவில்லை. எழுத்து மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"இது எந்த ஊரு பாஷை?" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

கணவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இரு இரு. ஆம்புலன்ஸ் முன்னாடி திருப்பி எழுதியிருப்பாங்கல்ல, அந்த மாதிரி இருக்கு. தினம் பஸ் கண்ணாடில பார்க்கறேனே." சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போய் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து திரைக்கு எதிரே பிடித்தான்.

கண்ணாடியில் எழுத்துகள் ஒவ்வொன்றும் நேராக நின்றன. ஆனால் வரி இப்போது கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியது.

"அட, அது நேரானா இது திரும்பிக்குது" என்றான் அவன் ஏமாற்றமாக.

"அசையாதீங்க! அப்படியே பிடிங்க!" என்று அவள் கத்தினாள். வரியில் கோளாறு இல்லை. எழுத்துகள் வரிசையாகத்தான் நிற்கின்றன. ஒவ்வோர் எழுத்தும் நின்ற இடத்திலேயே முகம் திருப்பி நிற்கிறது. அப்படியானால் ஒவ்வோர் எழுத்தையும் வரையும் திரைப் புள்ளிகளைத்தான் இந்தத் திரை வலமிருந்து இடமாக வாங்குகிறது! அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. இரண்டு பேரும் நகரவில்லை. அவள் விரல்கள் மடிக்கணினியில் பறந்தன. எழுத்துப் புள்ளிகளைப் புரட்டிப் போட்டாள், கார்டை எழுதினாள், செருகினாள்.

நாலு பீப். சிஸ்டத்தின் பெயர், அதன் கீழே தயார் என்று சொல்லும் ஒரு சொல், பக்கத்தில் மினுக்கும் கட்டம். எல்லாம் அச்சடித்த மாதிரி!

கணவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அவன் ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் கரண்டி. "ஏய், உடைஞ்சுடப் போவுது, உடைஞ்சுடப் போவுது" என்று கத்தினானே தவிர அவனும் சேர்ந்துதான் குதித்தான்.

திருத்திய சிஸ்டத்தை, என்னென்ன திருத்தினாள் என்ற குறிப்போடு, அன்றே ஆமைக்கு அனுப்பினாள். மறுநாள் பட்டறையில் மெருகுச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. அதுவரை குரல்கூடக் கேட்டிராத மனிதர், வீடியோவில். வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் அதே சாம்பல் நிறக் குட்டி. திரையில் அதே வரி.

"ஏறிடுச்சும்மா! ஏறிடுச்சு! நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். நடுவுல ஓட்டைன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச? நான் திரை கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மூணு மிஷினைப் பிரிச்சுட்டேன்!"

"ஐயோ, மூணா?" என்றாள் அவள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரி சக்கரத்தை நிறுத்திவிட்டு, "யாருடி அது? சொந்தக்காரரா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்றாள் திருப்புளி. "சார், ஒரு விஷயம். எதை அடிச்சாலும் கேபிடல் லெட்டராவே விழுது. உங்களுக்கும் அப்படியா?"

"ஆமாம்மா, அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்!"

அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியைச் சக்கரத்தை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.