சீசனில் ஓடாத கேமரா

எங்கள் அலுவலகம் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. குற்றாலத்து லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்து கொடுப்பதுதான் தொழில். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட அத்தனைக்கும் நான் ஒருத்திதான். முன்பு என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார். கல்யாணமான மறு வருஷமே துபாய்க்குப் போய்விட்டார். அவர் பார்த்த வேலையும் என் தலையில் விழுந்தது.

இரண்டு சர்வர்கள். ஒவ்வொன்றையும் மென்பொருளால் அறை அறையாகத் தடுத்து, உள்ளே நாலைந்து கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுகிற மாதிரி வைத்திருக்கிறோம். ஒரே வீட்டில் நாலைந்து குடித்தனம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மட்டும் ஒன்று. ஒரு குடித்தனம் கூடுதலாக இழுத்தால் இன்னொன்றுக்கு வராது. அந்தத் தண்ணீர்தான் மெமரி. அந்த மென்பொருளுக்குக் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினால் இரண்டு சர்வரையும் ஒரே திரையில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஓடுகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் மிஷின் என்போம்; அதை நிறுத்தாமலே அடுத்த சர்வருக்குத் தூக்கி வைக்கலாம். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கோ லைசென்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே விளக்கெண்ணெய் குடித்த முகமாகிவிடும். "சும்மா கெடைக்குததுலயே ஓட்டும்மா, ஓடத்தான செய்யுது" என்பார். ஓடும். ஓட்டுகிறவளுக்கல்லவா தெரியும். ஒரு ஆளுக்கு அனுமதி கொடுப்பதானால்கூட இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் துபாய் போன பிறகு முதல் சர்வரில் அவருடைய அனுமதியைப் பார்க்க மட்டும் என்று குறைத்தேன். இரண்டாவதில் குறைக்கவில்லை. அதில்தான் கேமரா மிஷின் இருந்தது. மெயினருவிக்கு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் வைத்த கேமராவிலிருந்து படம் வாங்கி, எங்கள் இணையப் பக்கத்தில் காட்டுகிற சின்ன மிஷின். இணையப் பக்கத்தில் மணிக்கொரு படம்தான் வரும். சர்வருக்குள் போனால் அருவி விழுவதையே பார்க்கலாம். அந்த மிஷின் அடிக்கடி படம் உறைந்து தொங்கிவிடும். தொங்கினால் அவரே எழுப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தேன்.

தினமும் நான் சாயங்கால டீ குடிக்கிற நேரத்தில் அங்கே அவருக்கு வேலை முடியும். ரூமுக்கு வந்ததும் அருவி பார்க்கச் சர்வருக்குள் வருவார். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று திரை காட்டும் இடத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயர் வரும். அவ்வளவுதான், பேசிக்கொள்ள மாட்டோம். எனக்கு அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் யாராவது என்னைக் கூப்பிட்டால் சுள்ளென்று கோபம் வரும்.

இந்த வருஷம் சாரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அருவியில் தண்ணீர் என்று செய்தி பரவியதும் பதிவு மிஷின் திணறியது. அதுவும் இரண்டாவது சர்வரில்தான். பதிவு பாதியில் நிற்க, போன் மேல் போன். அண்ணாச்சி என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"அந்தக் கேமராவ அமத்தும்மா. அதுக்குப் போற மெமரிய இதுக்குக் குடு."

"மொத சர்வருக்கு மாத்திப் பாக்கேன் அண்ணாச்சி."

"அங்கன மட்டும் கொட்டியா கெடக்கு?"

கிடக்கவில்லைதான். எனக்கே தெரியும். ஆனாலும் ஏதேதோ சாக்குச் சொல்லி இழுத்தடித்தேன். மாதக்கணக்காக வெறும் பாறையைப் பார்த்துக் காத்திருந்த மனுஷனுக்கு, தண்ணீர் விழுகிற அன்றைக்கா படத்தை நிறுத்துவது? அண்ணாச்சி கத்தினால் கத்தட்டும், என் கையால் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவர் பெயர் வந்தது. கொஞ்ச நேரத்தில் போன்கள் அடங்கின, பதிவுகள் மளமளவென்று ஏறின. பார்த்தால் கேமரா மிஷின் நின்றிருக்கிறது. தொங்கவில்லை, முறையாக நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியவர் பெயரும் அங்கேயே இருந்தது. உடனே போன் போட்டேன்.

"எதுக்கு மச்சான் அமத்துனீய?"

"பதிவு மிஷின் கெடந்து முழிக்குதத பாத்தேன். உன்னயத்தான புள்ள ஏசுவாங்க."

"நீங்க பாக்கணும்னுதான நான் ஏச்சு வாங்கிட்டு இருந்தேன்."

"அருவி எங்கயும் ஓடிறாது. போயி வேலையப் பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை. சீசன் முடிகிறவரை அந்த மிஷினை எழுப்ப முடியாது. இனி உள்ளே வர அவருக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலமும் அவர் பெயர் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"கேமராதான் இல்லியே, அங்கன என்னத்தப் பாத்துட்டு இருக்கீய?"

"பதிவு மிஷின் எவ்வளவு மெமரி இழுக்குதுன்னு ஒரு கோடு காட்டும்லா, அதப் பாக்கேன். தண்ணி கொறஞ்சா ஆளு வராது, கோடு எறங்கிரும். நல்லா விழுந்தா ஏறிரும். முந்தாநாளு எறங்கிச்சே, வெயில் அடிச்சுதோ?"

முந்தாநாள் இங்கே நல்ல வெயில்.

"இன்னைக்கு உச்சியில போயி நிக்கி புள்ள. ஐந்தருவியிலயும் விழுதுபோல. நீ போயிக் குளிச்சியா?"

குற்றாலத்துக்கு பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். வீட்டில் எல்லோரும் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவர் அங்கே ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அருவியில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

"குளிச்சேன் மச்சான்" என்றேன்.

எப்படி இருந்தது என்று கேட்டார். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து போன நாளை நினைத்துக்கொண்டு, தண்ணீர் தலையில் அறைந்தது, பல் தந்தியடித்தது, ஈரத்துணியோடு நின்று சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

நான் முடித்ததும், "நாம போன அன்னைக்கும் இப்பிடியேதான் இருந்துச்சு, என்னா?" என்றார்.