நிழல் கேட்ட இரண்டு

மடவளையில் இரண்டு கடை, மாடி வீடு, ஒரு லொறி. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் தனியாக உண்டாக்கியவை.

இன்று முற்றத்தில் காயும் சாதிக்காய் மணத்தில், தோட்டத்தில் அந்த மரங்களை நட்ட வாப்பா நினைவுக்கு வந்தார். என் சின்ன வயதில், தோட்டத்துத் தேவாங்கு கத்தினால் வீட்டுக்கு ஆகாதென்று அவருடைய தம்பி, என் சாச்சா, தடியோடு கிளம்பினார்.

“அடிக்காத தம்பி,” என்றார் வாப்பா. “சாதிக்காக் கன்றும் இதும் ஒண்டுதான். மேல பெரிய பலா நெழல் இல்லாட்டி ரெண்டும் நிக்காது.”

“அப்ப இதும் காய்க்குமா நானா?” சாச்சா சிரித்துத் தடியைப் போட்டார்.

பலகைக்காரர்கள் எவ்வளவு கேட்டும் அந்தப் பலா மரங்களை நான் விற்கவில்லை. நேற்று ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள், அழிந்துவரும் தேவாங்கை அங்கே குட்டியோடு கண்டார்கள். இயற்கை காத்தது என்று எழுதப்போகிறார்களாம். இயற்கை தனியாகவா காத்தது? என் பெயரையும் எழுதட்டும்.