சோஸ்ட்டில் நத்தார் பார்க்கப் போன நான்கு பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் பழைய நகரம் ஒன்றை நத்தார்க் காலத்தில், அதாவது கிறிஸ்மஸ் சமயத்தில், பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டிசம்பர் 24ஆம் திகதி பிற்பகலில் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். 1987ஆம் ஆண்டு, வியாழக்கிழமை, தானமாகக் கிடைத்த, யாரோ ஒரு பெண்மணியின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அது பெண்மணியின் கோட் என்பது போகும்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். என்னிடம் வேறு கோட் இல்லை.

போன காரணம் பெண் பார்க்க. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. டோர்ட்மண்டில் அகதிகளுக்கான விடுதியில், ஹைம் என்று சொல்வோம், ஓர் அறையில் மூன்று பேருடன் இருந்தேன். வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆகவே வம்பளப்பதற்கு முழுநேரமும் கிடைத்தது. அந்தத் துறையில் நான் ஓரளவு பெயர் எடுத்திருந்தேன். என்னை விஞ்சியவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த கனகண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர். ஜெர்மனியில் எந்த நகரத்தில் எந்த வீட்டில் யார் எவருக்குப் பெண் தேடுகிறார்கள் என்பது அவருக்குத் தபால் இல்லாமலே தெரிந்துவிடும்.

என் படம் அதற்கு முன் மூன்று வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. நகர எல்லையைத் தாண்ட எனக்கு உரிமை இல்லாத காலத்தில் என் படம் மட்டும் ஹம்பேர்க் வரை போய்வந்தது. நான்காவதாகக் கனகண்ணை பாடர்போர்னில் ஒரு வீட்டைப் பிடித்தார். சிவநேசன் என்பவர், அவருடைய தங்கை வதனி, வயது இருபத்தேழு. அண்ணன் மாசி மாதம் கனடாவுக்குப் போவதற்கு ஒழுங்கு செய்துவிட்டார். தங்கைக்கு அதற்குள் கல்யாணம் நடக்கவேண்டும், இல்லையென்றால் அவளும் கூடவே போகவேண்டும். அவளுக்குப் போக விருப்பமில்லை. மூன்று வருடம் பாடுபட்டு ஜெர்மன் படித்திருக்கிறாள், இன்னொரு நாட்டில் முதலிலிருந்து தொடங்க ஏலாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். எனக்கு அந்த வயதில் கல்யாணம் வேண்டும். அவளுக்கு மாசிக்குள் ஒரு முடிவு வேண்டும்.

பாடர்போர்னுக்கு நேரே போய்ப் பார்ப்பதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் அகதி வழக்கு முடியும்வரை பதிந்த இடத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டவேண்டுமென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதி, எங்கே, எத்தனை நாள், யாரைப் பார்க்க, அவர் என்ன உறவு என்றெல்லாம் நிரப்பி ஒரு தாள் வாங்கவேண்டும். எங்கள் ஆட்கள் அதை ‘உர்லாப்’ என்பார்கள். ஜெர்மனில் விடுமுறை என்று பொருள். வேலை இல்லாதவர்களுக்கு விடுமுறை கொடுத்த அரசாங்கம் உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. தாள் இல்லாமல் பிடிபட்டால் தண்டம். வழக்குக் கோவையிலும் ஒரு கறுப்புப் புள்ளி விழும்.

“உறவு என்னெண்டு கேப்பினம். நீ என்னத்தை எழுதப்போறாய்?” என்றார் கனகண்ணை. “பெண் பாக்கப் போறன் எண்டோ? பேந்து பிடிக்கேல்லையெண்டால் அந்தத் தாள் கந்தோரிலை கிடந்து உன்னைப் பாத்துச் சிரிக்கும்.”

அவருடைய யோசனை வேறு. ஊரில் என்ன செய்வோம்? கோயில் திருவிழாவில் வைத்துப் பெண் பார்ப்போம். பெண் வீட்டார் ஒரு வீதியில் கும்பிடுவார்கள், நாங்கள் மற்ற வீதியில் கும்பிடுவோம். தற்செயலாகக் கண்டதுபோல் ஒரு பார்வை, அவ்வளவுதான். யாரும் யாருடனும் கதைப்பதில்லை. பிடிக்கவில்லையென்றால் இரண்டு பகுதியும் சாமி பார்க்கத்தான் வந்தது. மானம் மரியாதைக்குச் சேதமில்லை. ஜெர்மனியில் அப்போது எங்களுக்குக் கோயில் இல்லாததால் கனகண்ணை நத்தார்ச் சந்தையைத் தெரிவுசெய்தார். டோர்ட்மண்டுக்கும் பாடர்போர்னுக்கும் நடுவே, ரயில் பாதையிலேயே இருப்பது சோஸ்ட் என்ற பழைய நகரம்.

“எண்டைக்குப் போறது?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி? தேர் அண்டைக்குத்தான் சனம் கூடும். இவங்கடை தேர் இருபத்தி நாலு. அந்தச் சனத்துக்கை நிண்டா பொலிசும் காணாது, ஊர்ச்சனமும் காணாது.”

எனக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது.

டோர்ட்மண்டிலிருந்து 11.52 ரயில். ஒருவழிச் சீட்டு 9 மார்க் 80. தூரம் சுமார் ஐம்பது கிலோமீற்றர். 12.43க்கு சோஸ்ட்டில் இறங்கினோம். பனி விழுந்து வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அன்று நான்கு பாகை, தூறல். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் நகரின் நடுப்பகுதி. கறுப்பு மரச் சட்டமும் வெள்ளைச் சுவருமாகச் சாய்ந்து நிற்கும் வீடுகள், கால் பிரட்டும் கல் வீதிகள், பச்சை நிறக் கல்லில் கட்டிய தேவாலயங்கள். பச்சைக் கல் என்றால் பாசி அல்ல, கல்லின் நிறமே அதுதான். மழையில் நனைந்தால் இன்னும் பச்சை.

போகும் வழியில் சனம் இருந்தது. ஆனால் எல்லோரும் எங்களுக்கு எதிர்த்திசையில், கையில் பொதிகளுடன், அவசரமாக வந்தார்கள். சந்தைக்குப் போனால் சந்தையைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பலகை எங்கள் கண்முன்னே ஏறியது.

“இடைவேளை போல கிடக்கு,” என்றார் கனகண்ணை.

சந்திப்பு மூன்று மணிக்கு. அதுவரை ஒதுங்க இடம் தேடி, ஐந்து நிமிடம் வடக்கே நடந்து வீஸன் தேவாலயத்துக்குள் போனோம். நல்லவேளை, கதவு திறந்திருந்தது. அங்கே ஏறத்தாழ ஐந்நூறு வருடம் பழைய கண்ணாடி யன்னல் ஒன்று உண்டு. இயேசுவின் கடைசி இராப்போசனம். மேசையில் இருப்பது பன்றித் தொடை, கறுத்த பாண் ரொட்டி, பியர். இந்தப் பகுதியின் சாப்பாட்டையே வரைந்து வைத்திருக்கிறார்கள். கனகண்ணை கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, “எங்கடை ஹைமிலை ஏன் ஒவ்வொரு நாளும் இதையே போடுறாங்கள் எண்டு இப்பதான் விளங்குது,” என்றார்.

இரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது நகரம் காலி. கடைகள் இரண்டு மணிக்கே பூட்டு. பெரிய தேவாலயத்துக்கும் பீற்றர் தேவாலயத்துக்கும் இடையிலுள்ள சதுக்கத்தில் ஒரு புறா இருந்தது. எங்களைக் கண்டதும் அதுவும் போய்விட்டது.

சரியாக மூன்று மணிக்குச் சதுக்கத்தின் மறுமுனையில் இருவர் வந்தார்கள். கறுப்புத் தொப்பியில் ஓர் ஆண், சிவப்புக் கோட்டில் ஒரு பெண். அறுபது மீற்றர் இருக்கும். சோஸ்ட் நகரத்தின் திறந்தவெளியில் அந்த நேரத்தில் உயிருடன் நின்றது நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் தமிழர். ஆனாலும் ஒருவரை ஒருவர் காணவில்லை என்பது ஏற்பாடு. கனகண்ணை கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். சிவநேசன் பூட்டிய மருந்துக்கடையின் அறிவித்தலைப் படித்தார். நான், அங்கே இல்லாத சனத்தை விலக்குவதுபோல் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தேன். வதனி மட்டும் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டு என்னை நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி இருபது நிமிடம். பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது.

அப்போதுதான் பச்சையும் வெள்ளையுமான பொலிஸ் கார் வந்தது. எங்களைத் தாண்டி மெல்லப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் நின்றது. கொழுத்த, மீசை வைத்த ஒரு பொலிஸ்காரர் இறங்கினார். ஒரு கையால் எங்களைக் கூப்பிட்டார். மறு கையால் அவர்களைக் கூப்பிட்டார். தற்செயலாகச் சந்திக்கவேண்டியவர்கள் அரசாங்க உத்தரவில் சந்தித்தோம்.

“நீங்கள் எல்லோரும் ஒன்றாக வந்தவர்களா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

“நைன்,” என்றேன் நான்.

“யா,” என்றாள் வதனி.

என் இல்லையும் அவளுடைய ஓமும் ஒரே நேரத்தில் வெளிவந்தன. கனகண்ணை கோபுர ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. சிவநேசன் மணிக்கூட்டைப் பார்த்தார். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என் கோட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். அடுத்த கேள்வி தாளைப் பற்றியதுதான் என்று நினைத்தேன். அதற்குள் வதனி, தேவாலயம் பார்க்க வந்தோம், எல்லாம் பூட்டியிருக்கிறது என்று நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டாள். இலக்கணச் சுத்தமான ஜெர்மன். பொலிஸ்காரர் பீற்றர் தேவாலயத்தைக் காட்டி, நான்கு மணிக்குப் பூசை, இப்போதே திறந்துவிட்டார்கள், உள்ளே சூடாக இருக்கும், போங்கள் என்றார். வீட்டில் அவருக்காக நத்தார் இரவுச் சாப்பாடான உருளைக்கிழங்குச் சலாது காத்திருந்திருக்கலாம். நாங்கள் வாசலுக்குள் போகும்வரை காரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

காணாமற்போன சனமெல்லாம் மறுபக்கத்து வாசலால் வந்து உள்ளேதான் இருந்தது. உட்காரும் வாங்குகள் நிறைந்துவிட்டன. ஒரு அம்மையார் எங்களை ஒரு வாங்கில் நெருக்கி ஏற்றினார். கனகண்ணை, நான், வதனி, சிவநேசன். ஊரில் நூற்றைம்பது அடி தள்ளி நின்று பார்க்கவேண்டிய பெண்ணின் தோள் என் தோளில் முட்டியது. முன்வாங்குக்காரர்கள் எழும்பியபோது எழும்பினோம், இருந்தபோது இருந்தோம். ஓர்கன் முழங்கத் தொடங்கியதும் அவள் திரும்பாமலே கேட்டாள்.

“பொலிஸ் கேக்கேக்கை ஏன் இல்லையெண்டனீங்கள்?”

“தெரியாத மாதிரி நிக்கச்சொல்லிக் கனகண்ணைதான் சொல்லித் தந்தவர்.”

“கனகண்ணையையோ நான் கட்டப்போறன்?”

பொய் ஒன்றும் கைவசம் இல்லை. “எனக்குப் பயம்,” என்றேன். “உண்மையிலையும் உங்களைத் தெரியாதுதானே.”

“எனக்கும் பயந்தான். உங்களைத் தெரியவும் தெரியாது. எண்டாலும் நான் ஓம் எண்டனான்.”

எல்லோரும் எழும்பினார்கள், நாங்களும் எழும்பினோம். மீண்டும் இருந்த பிறகு அவள் தொடர்ந்தாள். “மாசியிலை அண்ணை போயிடுவார். பிறகு நான் இஞ்சை தனிய. நாளைக்கு ஒருத்தன் வந்து இவ ஆரெண்டு கேட்டால் நீங்கள் கோபுரத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா எனக்குச் சரிவராது.”

“நான் கோபுரம் பாக்கேல்லை. அது கனகண்ணை.”

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. “ஒருக்கா முறையா உர்லாப் எடுத்துக்கொண்டு வீட்டை வாங்கோ. ஆரைப் பாக்கப் போறீங்கள், என்ன உறவு எண்டு கேப்பினம். அதிலை எழுதிக்கொண்டு வாங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்.” பிறகு, “அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வரவேண்டாம். அது பொம்பிளையளின்ரை. தெறி மற்றப் பக்கம்,” என்று என் பொத்தானைக் காட்டினாள்.

பூசை முடிய ஐந்தே கால். அவர்களுக்குக் கிழக்கே போகும் ரயில், எங்களுக்கு மேற்கே. வழி முழுவதும் கனகண்ணை தன் ஏற்பாட்டின் வெற்றியைப் பற்றியே பேசினார். “என்ன மாதிரிச் சனம் பாத்தியே!” என்றார்.

சனவரி 4, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலக வரிசையில் நின்றேன். உறவு என்ற இடத்தில் ‘மச்சாள்’ என்று எழுதினால் யாருக்கும் சேதமில்லை என்பது கனகண்ணையின் கடைசி ஆலோசனை. பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, எனக்கு நிச்சயித்த பெண் என்று எழுதினேன். அவள் சம்மதிக்காத நிலையில் அது அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த முழுப்பொய். ஆனால் பின்வாங்க முடியாத பொய்.

கண்ணாடி போட்ட உத்தியோகத்தர் அம்மா வாசித்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “எப்போது நிச்சயமானது?”

“டிசம்பர் இருபத்து நான்கு.”

“நத்தார் அன்றா! எங்கே?”

சோஸ்ட் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்தச் சொல் வெளியே வந்திருந்தால், தாள் இல்லாமல் எல்லை தாண்டியதை அலுவலகத்திலேயே ஒப்புக்கொண்ட முதல் ஆள் நானாக இருந்திருப்பேன்.

“தேவாலயத்தில்,” என்றேன்.

அவர் எந்தத் தேவாலயம் என்று கேட்கவில்லை. முத்திரை குத்தி இரண்டு நாள் தந்தார்.

அந்த வாரமே, ஹைமில் இரவல் வாங்கிய ஒரு ஆண் கோட்டில் பாடர்போர்ன் போனேன். வதனி வாசலில் வைத்தே தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். உறவு என்ற வரியில் கொஞ்சம் தாமதித்தாள். பிறகு, “உள்ளுக்கை வாங்கோ, தேத்தண்ணி ஆறுது,” என்றாள். மாசியில் சிவநேசன் தனியாகக் கனடா போனார்.

இனிப் போகிறவர்களுக்கு. டிசம்பர் முதல் மூன்று வாரங்களில், வார நாளில், மூன்று மணிக்குப் போய்ச் சேருங்கள். வெளிச்சம் குறையும்போதுதான் சந்தை அழகு. சந்தை என்று முடிகிறது என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். நத்தாருக்கு முன்பே மூட்டை கட்டிவிடுவார்கள். 24 அன்று கடைகள் மதியத்தோடு பூட்டு, பஸ்களும் குறைவு. கல் வீதிக்குத் தடித்த அடியுள்ள சப்பாத்து வேண்டும். பன்றித் தொடை யன்னலைத் தவறவிடாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். கோட் வாங்கும்போது தெறி எந்தப் பக்கம் என்று கவனியுங்கள்.

இப்போது எந்தத் தாளும் தேவையில்லை. நீங்கள் யாருடன் வந்தீர்கள் என்று அந்தச் சதுக்கத்தில் எவரும் கேட்கப்போவதும் இல்லை. ஒருவேளை கேட்டால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் வாய் திறப்பதற்கு முன் ஓம் என்று சொல்லிவிடுங்கள்.