இரண்டு கார்டுக்கும் நடுவில்

மன்னார்குடியில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மகள் ஃபாத்திமாவின் நிக்காஹ் முடிந்த வாரமே அவள் பெயரை எங்கள் ரேஷன் கார்டிலிருந்து எடுத்து, பெயர் நீக்கச் சான்றைச் சீர் சாமான்களோடு சம்பந்தி வீட்டில் கொடுத்தேன். எதையும் பாக்கி வைக்கவில்லை என்று எனக்குப் பெருமை. "லீவுல வந்து எங்க கார்டுல சேத்துடுறேன் மாமா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை துபாய் போனார்.

எட்டு மாதம் கழித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. இதய வால்வில் கோளாறு, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அரசுக் காப்பீட்டில் செய்யலாம், ஆனால் கார்டில் பெயர் வேண்டும். "இவங்க பேரு எந்தக் கார்டுல இருக்கு?" என்று அங்கிருந்த பெண் கேட்டார்.

எதிலும் இல்லை. கையிலிருந்து கட்ட வசதியும் இல்லை. அரசு மருத்துவமனையில் மூன்று வாரம் தள்ளித் தேதி கிடைத்தது. அதற்கு முன்பே பெயர் சேர்ந்தால் தனியாரிலேயே செய்துவிடலாம் என்று, திரும்பவும் எங்கள் கார்டிலேயே சேர்க்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம்.

"கார்டு வந்துடுச்சா அத்தா?" என்று தினமும் கேட்டாள். பதினோராம் நாள் போய்விட்டாள். அவள் பெயர் சேர்ந்த கார்டு அதற்கடுத்த வாரம் வந்தது.

சமீபத்தில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இலவசச் சிகிச்சை என்றார்கள். "எந்தக் கார்டுலயும் பேரு இல்லாதவங்களுக்குமா?" என்று கேட்டேன். "விசாரிச்சுச் சொல்றோம் பாய்" என்றார்கள்.

இப்போது கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களிடம், பெண்ணின் பெயரை எடுத்த கையோடு அந்தப் பக்கம் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லித்தான் பில் போடுகிறேன். நல்ல காரியத்தில் இதென்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். நிக்காஹுக்கு ஒரு முறை, மவுத்துக்கு ஒரு முறை என்று ஒரே மகளின் பெயரை நீக்கச் சொல்லி இரண்டு தடவை கையெழுத்துப் போட்டவன் நான்.