ஆத்தாவுக்குப் பசித்தது

பூந்தமல்லிக்கு வந்த புதிதில், இங்குள்ளவர்கள் என் வயிற்றின் மேல் காட்டிய அக்கறை விநோதமாக இருந்தது. கீழ்வீட்டு அமுலு அக்கா படியில் பார்த்தால் போதும், "இன்னா கண்ணு, சாப்ட்டியா?" என்பாள். "ஆச்சுக்கா" என்பேன். ஆகியிருக்காது. பதில் வந்ததுமே அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கோவில்பட்டியில் இந்தப் பாச்சா பலிக்காது. அங்கே அம்மா கேட்கவே மாட்டாள். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

ஆனால் நான் சோற்றை ஒதுக்கத் தொடங்கியதும் அந்த ஊரில்தான். பெண் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி கேசரியை மென்றபடி, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைப் பார்த்தேன், மேலே மின்விசிறிக்குப் பக்கத்திலிருந்து. கீழே யாரோ ஒரு பெண் சேலை கட்டிக்கொண்டு தட்டோடு நின்றாள். அதற்குப் பிறகு அந்த யாரோவைப் பட்டினி போடுவது சுலபமாகிவிட்டது. சில நாள் அவளே சோற்றுப் பானையை வழித்துத் தின்றுவிடுவாள். காலிப் பாத்திரத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

வேலைக்காக இங்கே வந்து தனி ஃபிளாட் எடுத்த பிறகு இன்னும் வசதி. யாராவது சாப்பாடு நீட்டினால் "விரதம்" என்பேன். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை. நம் நாள்காட்டியில் பட்டினிக்கா பஞ்சம்! பெரிய பக்தை என்று நம்பி, தெருப் பெண்கள் என் கையால் குங்குமம் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஆடியில் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். பம்பை முழங்கியது. வெயிலில் நின்றிருந்த எனக்குக் கைகால் என்னுடையதாக இல்லாமல் போயிற்று. கண் நிலைகுத்திவிட்டதாம். "ஆத்தா வந்துட்டாடி!" என்று அமுலு அக்கா வேப்பிலையோடு ஓடிவந்தாள். "தாயே, இன்னா ஓணும் உனுக்கு? சொல்லு!"

எங்கிருந்தோ என் குரல் கேட்டது: "பசிக்குது."

"ஆத்தாவுக்குப் பசிக்குதாம், கூழ் எட்தாங்க!"

சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை அழுகையாக வந்தது. ஆத்தாவுக்குப் பசிக்கலாம், எனக்குத்தான் கூடாது.

பிறகு நான் போய்ப் பார்த்த மருத்துவர், மனம் உடம்பை விட்டு விலகி நிற்பதும் சோற்றோடு சண்டை போடுவதும் பல பெண்களுக்குச் சேர்ந்தே வரும் என்றார். அம்மா போனில், "மந்திரிச்சா சரியாப் போயிரும், ஊருக்கு வா" என்றாள். நான் போகவில்லை. வெள்ளிதோறும் அக்கா ஆத்தாவுக்கென்று கூழ் கொண்டுவந்தாள். ஆத்தா பேரில் நான் சாப்பிட்டேன். வாரத்தில் நிம்மதியாக இறங்கிய சாப்பாடு அது ஒன்றுதான்.

போன வெள்ளி, கூழ்த் தூக்கை வாங்கியபோது சொல்லிவிட்டேன்: "அக்கா, இது சாமி இல்ல. அன்னைக்கும் இல்ல. பசிச்சது எனக்குத்தான்." இந்தக் கூழும் நின்றுவிட்டால்?

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு தூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஆத்தாவுக்குன்னு வாயில வெச்சிப் பாக்காம எட்தாந்தேன். உனுக்குன்னா உப்பு பாக்கணுமே. இரு, வரேன்."

அவள் மேலே ஏறி வரும்வரை கதவைத் திறந்துபோட்டு வாசலிலேயே நின்றேன், உள்ளேயும் போகாமல், வெளியேயும் வராமல்.