மூத்தவனை நம்பாத தால்சு

கோயிலைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் போவார் யாங் தால்சு. திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஊர் மன்றத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டி, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். யாராவது ஒரு கிண்ணம் கிம்ச்சி ஊறுகாய் கொடுத்தால், "என்ன காரியம் ஆகணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார்.

எங்கள் மலையடிக் கோயிலில் சாமியாக இருப்பவர் ஒரு பழைய ராஜா, கியோன் ஹுவோன். இந்தப் பக்கத்து உழவர் வீட்டில் பிறந்து, சிப்பாயாகி, கொரியாவை ஆண்ட சில்லா அரசு தள்ளாடியபோது பிற்கால பெக்ஜே என்று தனி நாடு கண்டவர். முதுமையில் மூத்தவனை ஒதுக்கி, நாலாவது மகனுக்கு நாட்டைக் கொடுக்க நினைத்தார். மூத்தவன் தம்பியைக் கொன்று, அப்பனைப் புத்த மடத்தில் அடைத்தான். தப்பியோடிய கிழவர் எதிரியோடு சேர்ந்து, தான் கட்டிய நாட்டைத் தானே வந்து அழித்தார். தால்சு சொன்னால் நேற்று அடுத்த தெருவில் நடந்தது போலிருக்கும். "மூத்ததுங்களே அப்படித்தான்" என்று முடிப்பார்.

அவருக்கும் ஒரு மூத்தவன் உண்டு. சியோல் நகரத்து வேலையை விட்டு வந்து, அப்பாவின் பெர்சிமன் பழத் தோட்டத்தில் மாடாய் உழைக்கிறான் கியூசோப். சின்னவன் புத்தாண்டுக்கு மட்டும் போன் செய்வான். கிழவருக்கு அவன்தான் கள்ளமில்லாதவன். தால்சுவுக்கு முழங்கால் போய்விட்டது. தோட்டத்தை இந்த வருஷம் ஒருவன் பேருக்கு எழுதியே ஆகவேண்டும்.

இந்த முறை புத்தாண்டின் முதல் பௌர்ணமிப் பூசைக்கு ஊர் கியூசோப்பைத் தேர்ந்தெடுத்தது. பூசை செய்பவன் கறி தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, யாரோடும் சண்டை போடக்கூடாது. அப்பா என்ன திட்டினாலும் அவன் "சரிப்பா" என்றே போனான்.

"சண்டைக்கே வரமாட்டேங்கிறான், தம்பி. பெருசா என்னமோ வெச்சிருக்கான்" என்றார் கிழவர் என்னிடம்.

"விரதம்ண்ணே. சாவி வெச்சிருக்கற உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்குன்னு இவ்வளவா?"

கடைசியில் சாமி தலையிலேயே பாரத்தைப் போட்டார். பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளைக் கொளுத்தி மேலே விடுவது எங்கள் வழக்கம். உயரப் போனால் நல்லது. "இவன் தாள் மேல போச்சுன்னா தோட்டம் இவனுக்கு. விழுந்துச்சுன்னா சின்னவனுக்கு. மாத்திப் பேசமாட்டேன்" என்றார்.

பௌர்ணமியன்று காலையில் பனிக்காற்று. தம்பி பேரில் கியூசோப் கொளுத்திய தாள் ஜோராகப் போயிற்று. அடுத்தது அப்பாவுக்கு. "அப்பா நிம்மதியாத் தூங்கணும்" என்று வேண்டினான்.

"எந்தத் தூக்கத்தைச் சொல்றான்?" என்று கிழவர் என் காதைக் கடித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசித் தாள் அவனுடையது. அதற்கு அவன் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் எழும்பிய தாள் காற்று மாறி, எரிந்தபடியே இறங்கத் தொடங்கியது.

தால்சு தடியைப் போட்டுவிட்டு நொண்டி நொண்டி ஓடினார். இரண்டு கைகளையும் நெருப்புக்கு அடியில் கொடுத்து, மேலே, இன்னும் மேலே என்று தள்ளினார்.